கால் இஞ்சு

கேமராவின் அடிவயிற்றில் ஒரு துளை.
எந்த ஊர்க் கேமராவானாலும் கால் இஞ்சுதான்.
அதைப் பிடிக்க வருகிற பிராக்கெட்டுகளில்தான்
இத்தனை சாதி.

கும்பகோணத்தில் ரஹ்மத்துல்லா
மூன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்.
முதலாவது பிளாஸ்டிக், முந்நூற்றைம்பது.
முறுக்கினால் முனகியது.
அடுத்தது அலுமினியம், பார்க்க லட்சணம்.
நீள லென்ஸை மாட்டியதும் மூக்கு மெல்லத் தாழ்ந்தது,
பந்தியில் காத்திருந்தே தூங்கிவிட்டவர் தலைபோல.
மூன்றாவது எல் வடிவம். நல்ல கனம்.
விலையைச் சொல்வதற்கு முன் டீ வரவழைத்தார்.

"என்ன எடுக்கப் போறீங்க மேடம்,
கல்யாணமா, குருவியா?"
ஒரு தூண் என்றேன்.

கொள்ளிடத்துப் பாலத்தில் ஒன்பதாவது தூண்.
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
நானும் தையல்நாயகியும் அதில் வெள்ளைக் கோடு போட்டோம்.
தண்ணீர் வடிந்த மாதங்களில்
பதினைந்து நாளைக்கு ஒரு படம்.
அதே இடம், அதே உயரம், அதே சாய்வு.
கோட்டுக்குக் கீழே மணல் எவ்வளவு இறங்கியது என்று
படம்தான் சொல்ல வேண்டும்.
போன வருஷத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த அதிகாரி,
"மணல் இறங்கலம்மா, உங்க கேமராதான் ஏறியிருக்கு" என்றார்.
கிண்டலாகச் சொல்லவில்லை.
பார்த்தால், ஆமாம், இரண்டு விரற்கடை.
பழைய பிராக்கெட்டின் ரப்பர் தேய்ந்திருந்தது.
ஒரு வருஷ நதி அந்த ரப்பரில் போயிற்று.

அதனால் கடையிலேயே சோதித்தேன்.
எதிரே பாத்திரக்கடைப் பலகை:
பழைய பித்தளை எடுக்கப்படும்.
'பழைய'வின் ழகரச் சுழியை நடுவில் வைத்து
லென்ஸை விரலால் ஒரு சுண்டு.
சுழி அடங்கும்வரை எண்ணினேன்.
பிளாஸ்டிக்கில் ஏழு. அலுமினியத்தில் நான்கு.
மூன்றாவதில் ஒன்று என்று வாயெடுப்பதற்குள் நின்றுவிட்டது.
திருகுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முளையும் இருந்தது,
கேமரா திரும்பாமல் தடுக்க.
ஒற்றைத் திருகை நம்பினால் எதுவும் சுழலும்.
டீ ஆறியிருந்தது.
இரண்டாயிரத்து நானூறு. குறைக்கவில்லை.

மறுநாள் படுகையில் நிறுத்தினோம்.
பிராக்கெட் இம்மி அசையவில்லை.
ரசமட்டக் குமிழிதான்
நடுவை விட்டுக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.
குனிந்து பார்த்தால்
முக்காலி முக்கால் இஞ்சு இறங்கியிருக்கிறது.
மூன்று காலும் ஆளுக்கொரு ஆழம்.

"கல்லா கெடக்கு கீழ?" என்றாள் தையல்நாயகி.
"பூரா வண்டல். எங்கேர்ந்தோ தண்ணி கொண்டாந்து போட்டது.
வண்டி ஏறாம வந்த மண்ணு."
அக்கரையில் மூன்று லாரிகள் நின்றிருந்தன.
அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எலுமிச்சைச் சாதத்தை இலைக்கு மாற்றிவிட்டு
டிபன் கேரியரின் மூன்று கிண்ணத்தையும் சேற்றில் கவிழ்த்து
ஒவ்வொன்றின் மேலும் ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.
குமிழி நின்றது.
நாலரைக்குக் கடல் காற்று வந்துவிட்டது.
கனத்துக்கு என்ன செய்வது?
தோள்பையைக் காலி செய்து
ஆற்று மணலை அள்ளிப் போட்டு
முக்காலியின் நடுக்கொக்கியில் தொங்கவிட்டோம்.
மூச்சை அடக்கி
அழுத்தினேன்.

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.
கோடு கோடாகவே இருந்தது.
அதற்குக் கீழே, சிமெண்டில்
இதுவரை வெயில் படாத ஒரு பட்டை.

கிளம்பும்போது தையல்நாயகி பையை அவிழ்த்து
அள்ளிய குழியிலேயே கொட்டினாள்.
உதறினாள். உள்ளே கைவிட்டு மறுபடி உதறினாள்.

ராத்திரி வீட்டில் திருகைக் கழற்றியபோது
புரிக்குள் இரண்டு மணல்.
ஊசியால் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
அடுத்த படத்துக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டும்.
மறந்துவிடுவேன் என்று
பிராக்கெட் பெட்டியின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.